இரண்டாவது மிதி

என் அண்ணன் எதை வாங்கினாலும், கடையில் இருப்பதிலேயே பெரிய எண் எந்தப் பெட்டியில் அச்சடித்திருக்கிறதோ அதைத்தான் வாங்குவான். போனாகட்டும், ஃபேனாகட்டும், படுக்கிற மெத்தையாகட்டும். உள்ளே என்ன இருக்கிறது, நமக்கு எது தேவை என்று யோசிக்கிற வழக்கமெல்லாம் அவனிடம் கிடையாது. அப்பாவின் ரிமோட் காருக்கு மோட்டார் வாங்கப் போனபோதும் அதே கூத்துதான்.

அப்பா பஸ் டிரைவராக இருந்து ரிட்டயரானவர். நெஞ்சில் ஆபரேஷன் ஆனபிறகு லைசென்ஸும் போய்விட்டது. அதிலிருந்து ஜன்னலோரம் நின்றுகொண்டு, தெருவில் போகிற டிரைவர்களை ஒருத்தர் விடாமல் திட்டுவதே அவருக்கு முழுநேர வேலை. அந்த இம்சை தாங்காமல் நான்தான் ஒரு ரிமோட் கார் வாங்கிக் கொடுத்தேன். லாரி மாதிரி கனமான உடம்பும் பெரிய சக்கரமுமாக ஒரு கார். முதலில் முறைத்தார். ஒரே வாரத்தில் அதற்கு ஹார்ன் இல்லையே என்று என்னிடம் சண்டைக்கு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு குடோனுக்குப் பின்னால் இருக்கிற பார்க்கிங் இடத்தில் ரிமோட் கார் கிளப்காரர்கள் கூடுவார்கள். தலை நரைத்த ஆம்பளைகள், முழங்கால் உயரம்கூட இல்லாத வண்டியை வைத்துக்கொண்டு உலகத்தையே ஜெயித்த மாதிரி நடக்கிற இடம் அது. என் மோட்டார் இத்தனை வேகம், உன் மோட்டார் அத்தனை வேகம் என்று காது புளிக்கப் பீற்றிக்கொள்வார்கள். வண்டியை எப்படி நிறுத்துவது என்று அங்கே ஒருத்தர் பேசி நான் கேட்டதில்லை. அப்பா மட்டும் தன் காரை ஓரமாக, ஊர்வலம் போகிற மாதிரி ஓட்டிக்கொண்டிருப்பார். அது பொம்மைக் கடை வண்டி, பிரேக் எல்லாம் கிடையாது. விரலை எடுத்தால் நாலடி உருண்டு அதுவாகவே நின்றுவிடும்.

அந்த மோட்டார்தான் ஒருநாள் புகைந்து, தீய்ந்த நாற்றத்தோடு செத்துப்போனது. உடனே அண்ணன் மார்தட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான். கடைக்காரருக்குக் கிளப்பில் ‘ஆம்பியர்’ என்று பட்டப்பெயர். எதைக் கேட்டாலும் ஆம்பியரில்தான் பதில் வரும். இவனைப் பார்த்ததும் அந்த மனுஷனுக்கு வாயெல்லாம் பல்.

நானும் கூடப் போயிருந்தேன். இந்த மாதிரி கார்களுக்குப் போடுகிற பிரஷ்லெஸ் மோட்டாரின் மேல் கே.வி. என்று ஒரு எண் போட்டிருக்கும். ஒரு வோல்ட் கொடுத்தால் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றும் என்பதுதான் அது. எண் கூடினால் வேகம் கூடும். கனமான வண்டியில் அதைக் கட்டினால் மோட்டார் இழுக்க முடியாமல் திணறும், சூடேறும். அப்பாவின் கார் லாரி ஜாதி, அதற்குச் சின்ன எண்தான் சரி என்று பொறுமையாகச் சொன்னேன். இன்னொரு சாமான் ஸ்பீடு கன்ட்ரோலர். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் நடுவில் உட்கார்ந்து, ரிமோட்டில் விரல் கேட்கிற அளவுக்கு மின்சாரத்தை விடுகிற டப்பா அது. மோட்டார் இழுக்கிற ஆம்பியரைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தாங்கினால் போதும். ரொம்பக் கூடுதலாகத் தாங்கினாலும் கெடுதல் இல்லை, தண்டச் செலவு, அவ்வளவுதான்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் பல் செட் செய்கிற லேபில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்க என் கையில் ஒரு மோட்டார், காலுக்கடியில் அதன் வேகத்துக்கு ஒரு மிதி. வேகத்தைக் கண்டபடி ஏற்றினால் பல் பறந்து கூரையில் போய் ஒட்டிக்கொள்ளும். இதைச் சொன்னதற்கு ஆம்பியருக்கு முன்னால் வைத்து அண்ணன் எனக்குக் கொடுத்த மரியாதை இது:

“நீ பல்லைப் பாரு. மோட்டாரை நான் பாத்துக்கறேன்.”

இருப்பதிலேயே பெரிய கே.வி. மோட்டார், தலையில் குட்டி ஃபேன் சுழல்கிற பெரிய கன்ட்ரோலர், துப்பாக்கி மாதிரி பிடிக்கிற புது ரிமோட். விசையை விரலால் இழுத்தால் ஓடும், வெளியே தள்ளினால் பிரேக். அண்ணனே உட்கார்ந்து எல்லாவற்றையும் மாட்டினான். கன்ட்ரோலரோடு வந்த விளக்கத் தாள் பிரிக்கப்படாமலே குப்பைக்குப் போனது. அதைப் படிக்கிறவர்கள் எல்லாம் விவரம் தெரியாதவர்களாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அப்பா விசையைத் தொட்டதும் கார் பிய்த்துக்கொண்டு போனது. எதிரே சுவர். அப்பா பதறாமல் விசையை வெளியே தள்ளினார், கார் அடங்கியது. அடுத்த நொடி அதே கார் பின்பக்கமாகச் சீறி வந்து, விசிலோடு நின்றிருந்த கிளப் செக்ரட்டரியின் கணுக்காலில் மோதியது. அவர் ஒற்றைக் காலில் குதிக்க, கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அப்பா இன்னொரு தடவை முயன்றார். மறுபடியும் முன்னால் போய் அடங்கி, பின்பக்கமாகப் பாய்ந்தது. இந்தத் தடவை சிரிப்புக்கு நடுவில் ‘பாவம், வயசாயிடுச்சு’ என்று ஒரு குரல் கேட்டது. அப்பா ரிமோட்டை அண்ணன் கையில் கொடுத்துவிட்டுத் தனியாகப் போய் நின்றுகொண்டார்.

மோட்டாரைத் தப்பாக வாங்கினோமோ என்ற சந்தேகம் அண்ணனுக்கு ஒரு துளிகூட வரவில்லை. எப்படி வரும், பெட்டியில் அவ்வளவு பெரிய எண் இருக்கிறதே! அப்பாவின் கையில்தான் கோளாறு என்று தீர்ப்பு எழுதிவிட்டான். போன மாதம் அவர் அடுப்பை அணைக்க மறந்ததையும் இதோடு கோர்த்துக்கொண்டான். அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில், முன்னால் போகிறோமா பின்னால் போகிறோமா என்றே தெரியாத மனுஷனைத் தனியாகத் தெருவில் விட முடியாது என்று சொல்லி, வாசல் சாவியைக் கேட்டான். அப்பா சட்டைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார்.

அப்பாவும் அண்ணனும் இருக்கிற வீட்டுக் கதவு இழுத்துச் சாத்தினால் தானாகப் பூட்டிக்கொள்கிற ரகம். சாவியில்லாமல் வெளியே போனால், அண்ணன் வேலை முடிந்து வரும்வரை மாடிப்படியில்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். பேப்பர் வாங்க, முடி வெட்டிக்கொள்ள, பஸ் ஸ்டாண்டில் பழைய சகாக்களோடு அரட்டை அடிக்க என்று காலையும் மாலையும் சுற்றுகிற மனுஷனுக்கு அது ஜெயில் இல்லாமல் வேறு என்ன? அதைவிட மோசம், அவர் ஜன்னலோரம் நிற்பதையும் விட்டுவிட்டார். தெருவில் எவன் எப்படி ஓட்டினாலும் வீட்டுக்குள்ளிருந்து ஒரு திட்டு இல்லை. அண்ணனிடம் சண்டை போட்டுப் பார்த்தேன். அக்கறையில் செய்கிறானாம். இவன் அக்கறையைத் தூக்கிக் குப்பையில் போட.

சரி, வாயால் சொன்னால் ஏறாது, வண்டியையே ஓட்டிக் காட்டினால்தான் அவன் வாயை அடைக்க முடியும் என்று முடிவு செய்தேன். நேரே ஆம்பியரிடம் போய், சின்ன கே.வி. உள்ள, மெதுவாகவும் பிசிறில்லாமலும் கிளம்புகிற மோட்டார் ஒன்று கேட்டேன். அதெல்லாம் விளையாட்டுப் பிள்ளைகளுக்கு என்றார். நான் பார்த்த பார்வையில் மறுபேச்சு பேசாமல் எடுத்து வைத்தார். கன்ட்ரோலரை மாற்றவில்லை. பெரிய டப்பாவால் கெடுதல் இல்லை என்று நானேதானே வியாக்கியானம் செய்திருந்தேன்?

அண்ணன் வேலைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்துப் போய், காரில் அதை மாட்டினேன். அப்பா ரிமோட்டைத் தொடவே மாட்டேன் என்றார். கெஞ்சினேன், மிரட்டினேன், கடைசியில் சாப்பிட மாட்டேன் என்று சின்னப் பிள்ளை மாதிரி அடம் பிடித்தேன். கதவைத் திறந்தே வைத்துவிட்டு, மாடிப்படிக்கு முன்னால் இருக்கிற நீளமான நடையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். கார் பூப்போலக் கிளம்பியது. என்ன ஓட்டம், என்ன அழகு! என் மோட்டாரை நானே மெச்சிக்கொண்டு நின்றேன். நடையின் கோடியில் அப்பா விசையைத் தள்ளினார். கார் நின்றது. பிறகு, என்னமோ என்னைக் கேலி செய்கிற மாதிரி, சாவகாசமாகப் பின்னால் வர ஆரம்பித்தது.

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. அப்பா ரிமோட்டை மடியில் வைத்தார்.

“விட்டுடும்மா. அவன் சொன்னது சரிதான். கை போயிடுச்சு.”

இன்னும் ஒரே ஒரு தடவை என்றேன். எதற்குச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது, அந்தக் குரலைக் கேட்டபிறகு அப்படியே விட்டுவிட்டு வர மனசு ஒப்பவில்லை. இந்தத் தடவை காரைப் பார்க்காமல் அவர் கையையே உற்றுப் பார்த்தேன். நடுக்கமே இல்லை. விரல் தள்ளியது, விட்டது, மறுபடி தள்ளியது. தற்செயலாகக் கண்ணைத் தாழ்த்தினேன். செருப்புப் போட்ட வலது பாதம் தரையை அழுத்தி, விட்டு, மறுபடி அழுத்திக்கொண்டிருந்தது.

“அப்பா, பஸ்ஸை எப்படி நிறுத்துவீங்க?”

இது ஒரு கேள்வியா என்பதுபோல என்னைப் பார்த்தார். “ஒரே மிதியா மிதிச்சா நிக்கிறவங்க எல்லாம் ஒருத்தர் மேல ஒருத்தர் விழுவாங்க. மிதிக்கணும், விடணும், மறுபடி மிதிக்கணும். எத்தனை வருஷம் ஓட்டியிருக்கேன், எவனாவது விழுந்தான்னு சொல்லச் சொல்லு.”

நான் போனை எடுத்து அந்தக் கன்ட்ரோலரின் விளக்கத் தாளைத் தேடிப் படித்தேன். முதல் தடவை தள்ளினால் பிரேக். விட்டு மறுபடி தள்ளினால் ரிவர்ஸ். கடையிலிருந்து வரும்போதே அப்படித்தான் வைத்து அனுப்புகிறார்களாம். கை போன மனுஷனாம்! நின்றுகொண்டு வருகிறவர்களுக்கு வலிக்கக் கூடாதென்று ஆயுசு முழுக்க இரண்டாவது தடவை மிதித்த மனுஷன், இல்லாத பயணிகளுக்காக இன்றைக்கும் மிதித்துக்கொண்டிருந்தார். அந்த மடச் சாம்பிராணி டப்பா ஒவ்வொரு தடவையும் அதை ரிவர்ஸ் என்று எடுத்துக்கொண்டது. அண்ணனாவது எண்ணைப் பார்த்து ஏமாந்தான். நான் மோட்டார் மோட்டார் என்று கத்திக்கொண்டே, அந்த டப்பாவுக்கு நல்லவன் என்று சான்றிதழ் கொடுத்து உள்ளே வைத்திருந்தேன்.

டப்பாவின் பக்கவாட்டில் ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்திப் பிடித்து, அது போடுகிற பீப் சத்தத்தைத் தாளில் சொன்னபடி எண்ணி ரிவர்ஸை அடியோடு எடுத்துவிட்டேன். அதன் பிறகு அப்பா எத்தனை தடவை தள்ளினாலும் பிரேக், பிரேக் மட்டும்தான். கார் நடையின் கோடிக்குப் போனது, அடங்கியது, இன்னும் கொஞ்சம் அடங்கியது, சுவருக்கு முன்னால் நின்றது. நின்ற இடத்திலேயே நின்றது. அப்பா ரிமோட்டைத் திருப்பித் தரவில்லை.

உடனே அண்ணனுக்குப் போன் போட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்கலாம் என்று போனேன். அப்பா தடுத்துவிட்டார். “நீ வாயைத் தொறக்காத. அவன்கிட்ட நான் பேசிக்கறேன்.” எனக்கு வாயை மூடிக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று என் வீட்டில் கேட்டால் தெரியும். இருந்தும் மூடிக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன்தான் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தான். வேறு வழி? சாவி அவனிடம் அல்லவா இருக்கிறது. வந்தவன் சும்மா இருக்காமல், அப்பா ஆசைப்படறார், கொஞ்சம் தள்ளி நின்னுக்குங்க என்று எல்லோரிடமும் சிரித்துக்கொண்டே சொல்லி வைத்தான். செக்ரட்டரி கணுக்காலைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு டிரம்முக்குப் பின்னால் போனார். ஆம்பியர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என் நாக்கு பல்லுக்குள் துடித்தது.

அப்பா அண்ணனை எதிர்ப்பக்கம், சுவரோரமாகப் போய் நிற்கச் சொன்னார்.

“சாவி வச்சிருக்கியா?”

அண்ணன் பையைத் தட்டிக் காட்டினான்.

“கீழ வை. உன் கால் முன்னால.”

அண்ணன் கூட்டத்தைப் பார்த்து அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்துவிட்டு, சாவியை ஷூவுக்கு முன்னால் தரையில் வைத்தான். அப்பா விசையை இழுத்தார். கார் அந்த இடத்தின் முழு நீளத்துக்கும் அண்ணனைக் குறிவைத்து நேராகப் போனது. பாதி தூரத்தில் அவன் சிரிப்பு நின்றது. பக்கத்தில் வந்ததும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டான். எனக்குக் காரைப் பார்க்கத் தோன்றவில்லை, அப்பாவின் செருப்பைத்தான் பார்த்தேன். மிதித்தார், விட்டார், மிதித்தார்.

நிமிர்ந்து பார்த்தேன். காரின் முன்பக்கம் சாவி வளையத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது, சாவி வைத்த இடத்தைவிட்டு அசையவில்லை. அண்ணன் தூக்கிய காலை மெதுவாகக் கீழே வைத்தான். மோட்டாரை மாற்றிவிட்டதால்தான் என்று என்னவோ ஆரம்பித்தான். அப்பா அதைக் காதில் வாங்காமல், ரிமோட்டை என் கையில் கொடுத்துவிட்டு, அந்த முழு தூரத்தையும் நடந்து அவன் முன்னால் போய் நின்றார். நெஞ்சில் தையல் போட்ட நாளிலிருந்து அவரால் குனிய முடியாது.

“எடுத்துக் குடு” என்றார்.

அண்ணன் குனிந்தான்.