ஒன்றாம் எண் கிணறு

பத்திரிகை அலுவலகத்தில் அவளுக்குப் 'புள்ளி' என்று பெயர். வரைபடத்தில் புள்ளி வைத்தே ஊரைக் கலக்குகிறவள் என்று ஆசிரியர் கிண்டலாக வைத்தது. சுரங்கத்தின் கழிவுக்குளம் எப்படிப் பெருத்தது என்று செயற்கைக்கோள் படங்களை அடுக்கி, அதைச் சுற்றியுள்ள ஒன்பது கிணறுகளில் ஈயம் எவ்வளவு என்று சிவப்புப் புள்ளிகளாக வைத்து, அன்று காலைதான் இணையத்தில் ஏற்றியிருந்தாள். நாடே பார்த்தது. ஆசிரியருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அவள் மட்டும் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கிணற்றுத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துத் தந்தது வேறு யாருமில்லை, கூடப்பிறந்த அக்கா. அத்தான் அந்தச் சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறார், குடியிருப்பும் அங்கேயே. பல வருஷம் கழித்து அக்கா இப்போதுதான் முழுகாமல் இருக்கிறாள். அந்தப் பயத்தில்தான் தண்ணீரைச் சோதிக்கவே துணிந்தாள். முன்பு அந்தக் குளத்தைப் போட்டோ எடுத்த ஒருவரின் பைக் கரையில் கிடைத்தது. ஆள் இன்றுவரை கிடைக்கவில்லை.

"நான்தான் குடுத்தேன்னு தெரியாதில்ல?" என்று அக்கா கேட்டபோது, "ஈ எறும்புக்குக்கூடத் தெரியாது" என்றிருந்தாள். பெயர், தேதி, தெரு எல்லாவற்றையும் அழித்தும் இருந்தாள்.

மதியம் அக்கா போன் செய்தாள். குரல் கிசுகிசுத்தது.

"செக்யூரிட்டி ஜீப் வந்திருக்குடி. பள்ளிக்கூடத்துக் கிணத்தை எட்டிப் பாத்துட்டு இப்ப டெய்லர் வீட்டுல நிக்கறாங்க. ஆபீசர் கையில ஏதோ பேப்பர்."

வரைபடத்தைத் திறந்தாள். பள்ளிக்கூடத்துக் கிணறு ஒன்பதாம் எண். டெய்லர் வீடு எட்டு.

"அடுத்து எங்க போறாங்க?"

"மாவு மில்லுக்கு."

ஏழு. வரிசையைப் பின்னாலிருந்து பிடித்து வருகிறார்கள். பாட்டில் பிடித்த வரிசையில் அக்கா எண் ஒட்டியிருந்தாள். சோதனைக்கூடத்துக்குப் போன எண்ணை எக்காரணம் கொண்டும் மாற்றக் கூடாது என்பது இவள் தொழிலின் பாலபாடம். மாற்றாமல் அப்படியே வரைபடத்தில் போட்டிருந்தாள். எண்களை வரிசையாகக் கோடு இழுத்தால் அக்கா நடந்த வழி. ஒன்றாம் எண்? எவளும் முதலில் தன் வீட்டுக் கிணற்றில்தானே மொள்ளுவாள்! நுணலாவது தன் வாயால் தானே கெடும். இந்தப் புத்திசாலி கெடுத்தது கூடப்பிறந்தவளை.

அவசரமாக எண்களை நீக்கினாள். ஆபீசர் கையிலிருந்த காகிதத்தில் அவை நீங்கவா போகின்றன?

"அக்கா, பின்பக்கமாப் போயிடு!"

"உங்க அத்தான் ஷிப்ட் முடிச்சுத் தூங்கறாரு. நான் ஓடினா அவரைப் பிடிப்பாங்கடி. கேன் தண்ணியைக் கட்டிலுக்கு அடியில தள்ளிட்டேன்... ஐயோ, நடுவுல எங்கயும் நிக்காம நேரா இங்கயே வந்துட்டாங்க. கட் பண்ணாத, இடுப்புல செருகிக்கறேன்."

புடவை உரசியது. கதவு திறந்தது. ஓர் ஆண் குரல், தேனொழுக.

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்கம்மா. உங்க கிணத்துலேர்ந்தே குடுங்க."

ராட்டினம் கிறீச்சிட்டது. வாளி மோதியது.

"இதுல விஷம்னு பத்திரிகைக்காரன் போட்டிருக்கான். உங்க கிணறுதான் ஒண்ணாம் நம்பராம். நம்பறீங்களா?"

"அதெல்லாம் யாரு சார் படிக்கறா?"

"அப்ப நீங்களே முதல்ல குடிங்க."

புள்ளி வாயைப் பொத்திக்கொண்டாள். கத்தினால் இடுப்பில் இருக்கும் போன் காட்டிக்கொடுத்துவிடும். திரையில் ஒன்றாம் எண் கிணறுதான் இருப்பதிலேயே கடும் சிவப்பு. அதன் கீழே அவளே எழுதிய வரி: 'கர்ப்பிணிகள் ஒரு வாய்கூடக் குடிக்கக் கூடாது.'

மடக் மடக்கென்று அக்கா குடிக்கும் சத்தம் கேட்டது. நடுவில் நிற்கவே இல்லை. சொம்பைக் கீழே வைத்தாள்.

"எப்படிம்மா இருக்கு?"

"சர்க்கரையா இனிக்குது, சார்."

ஜீப் கிளம்பும் சத்தத்துக்காகப் புள்ளி மூச்சைப் பிடித்துக் காத்திருந்தாள்.

"அப்படியா?" என்றது அந்தக் குரல். "அப்ப இன்னொரு சொம்பு குடிங்க."