மூணு சர்வரும் ஒரு கோலமும்

எனக்கு வாய் கொஞ்சம் முந்திக்கும். வீட்லயும் சொல்வாங்க, ஆபீஸ்லயும் சொல்வாங்க. பதினாறு வருசமா கம்ப்யூட்டர் வேலை பாக்கறேன், பொறுமை மட்டும் இன்னும் வந்த பாடில்லை. போன தீபாவளிக்கு இந்த வாய் ஒரு மனுசனை ஊருக்கே அனுப்பப் பாத்துச்சு. அதைத்தான் சொல்ல வரேன்.

எங்க ஆபீஸ் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல, ஒரு பூக்கடைக்கு மேல ரெண்டாவது மாடி. போர்ட் கிள்ளான் துறைமுகத்துக்கு கன்டெய்னர் ஏத்தப் போற லோரிங்க முன்கூட்டியே நேரம் புக் பண்ணணும்ல, அந்த வெப்சைட்டை நாங்கதான் நடத்தறோம். லோரிக்காரர் போன்ல நம்ம சைட்டைத் திறந்து, அவருக்கு வந்த கோட் நம்பரைக் காட்டினாத்தான் கேட்டுக்குள்ள விடுவாங்க. சைட் படுத்துச்சுன்னா ரோட்ல வரிசை கட்டி நிப்பாங்க. எங்களுக்கு நல்லா திட்டு விழும்.

சைட்டை மூணு சர்வர் தாங்குது. அதுங்களுக்கு முன்னால லோட் பேலன்சர்னு ஒண்ணு. அடுக்குமாடி கொண்டோ வாசல்ல உக்காந்து ஆளுங்களை உள்ள விடறாரே ஜாகா, காவல்காரர், அந்த மாதிரி. நாங்களும் அதை ஜாகான்னுதான் கூப்பிடுவோம். வர்ற ஆளுங்களை மூணு சர்வருக்கும் பிரிச்சு அனுப்பும். பத்து செகண்டுக்கு ஒரு தடவை ஒவ்வொரு சர்வரையும் கூப்பிட்டு, "நல்லா இருக்கியா?"ன்னு கேக்கும். வரிசையா மூணு தடவை சரியான பதில் வரலைன்னா, அது செத்துப்போச்சுன்னு சிவப்புப் போட்டுட்டு யாரையும் அங்க அனுப்பாது.

இதெல்லாம் பாத்துக்கறது நானும் அமானுல்லாவும். அமானுல்லா தொண்டிக்காரர். வேலை பெர்மிட்டுல வந்து ரெண்டு வருசம், எனக்குப் பக்கத்து மேசை. அதிர்ந்து பேச மாட்டார். அவரோட பெர்மிட் அந்த வாரத்தோட முடியுது. ரினியூ ஃபாரத்துல பாஸ் கமலநாதன் கையெழுத்துப் போடணும். தீபாவளி லீவுக்கு முந்தின கடைசி வேலை நாளு, மத்தியானம் பன்னெண்டு மணிக்கு ஏஜண்ட் வந்து அதை எடுத்துட்டுப் போவார். அன்னைக்குத் தவறினா அமானுல்லா பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். அவர் வீட்டுக்காரி ஃபர்ஹானா அடுத்த மாசம் இங்க வர்றதா இருந்தாங்க. செந்தூல்ல ஒரு வீடு பாத்து, ஜன்னலுக்குத் திரைகூட வாங்கிட்டார். "இந்தக் கலர் நல்லாயிருக்காக்கா?"ன்னு வாங்கறதுக்கு முன்னால என்கிட்ட போட்டோ காட்டினார். நான் பச்சையே எடுங்கன்னேன்.

அந்தக் கடைசி நாள் காலைலதான் கூத்து.

எங்க ஆபீஸ்ல ஒரு பழக்கம். எந்தப் பண்டிகை வந்தாலும் சைட்ல வாழ்த்து போடணும். சீனப் பெருநாளுக்கு ஆரஞ்சுப் பழம், நோன்புப் பெருநாளுக்கு ஓலையில கட்டின கெத்துப்பாட் சோறு, தீபாவளிக்கு கோலம். எப்பவும் முகப்புலயே ஓரமா ஒரு படம் வச்சிருவோம். இந்தத் தடவை பாஸுக்கு ஆசை பெருசாப் போச்சு. திறந்தவுடனே பக்கம் பூரா கோலம் வரணுமாம், மூணு மொழியிலயும் வாழ்த்தாம். சரின்னு காலைல ஒம்போதரைக்கு நான் கோலத்துக்குத் தனிப் பக்கம் போட்டு, முகப்புக்கு வர்றவங்களை நேரா அங்க திருப்பி விட்டேன். உடனே போன்ல திறந்து பாத்தேன். குத்துவிளக்கும் கோலமும் ஜோரா இருந்துச்சு. அந்த சந்தோசத்துல கீழ எறங்கி தோசை சாப்பிடப் போய்ட்டேன்.

திரும்பி வந்தா எல்லா மேசையிலயும் போன் அலறுது. சைட் இல்லை. ஜாகா மூணு சர்வருக்கும் சிவப்புப் போட்டு உக்காந்திருக்கு. நான் ஒவ்வொரு சர்வரையும் ஜாகா வழியா போகாம நேரா திறந்து பாத்தேன். மூணுலயும் கோலம் பளிச்சுன்னு வருது! சர்வர் குத்துக்கல்லாட்டம் நிக்குது, ஜாகா என்னடான்னா செத்துப்போச்சுங்குது. எனக்கு வந்துச்சு பாருங்க எரிச்சல்.

பாஸ் ரூமை விட்டு வெளிய வந்தார். கத்தற ஆள் இல்லை அவர், மெதுவாத்தான் கேட்டார். "மாதவி, கடைசியா யாரு கை வச்சது?"

"அமானுல்லாதான் பாஸ். நேத்து சாயங்காலம் மூணு சர்வர்லயும் அப்டேட் போட்டார்."

யோசிக்கவே இல்லை. வாய்ல வந்துச்சு, சொல்லிட்டேன். பக்கத்துல கீபோர்ட் சத்தம் நின்னு போச்சு. பாஸ் உள்ள போனார். கண்ணாடி வழியா பாத்தேன். மேசை மேல இருந்த பெர்மிட் ஃபாரத்தை எடுத்தார், டிராயர்ல வச்சார், சாத்தினார். "பன்னெண்டுக்குள்ள என்ன ஆச்சுன்னு வந்து சொல்லுங்க"ன்னார். மணி பத்தேகால்.

அமானுல்லா தொண்டையைச் செருமினார். "அக்கா, நான் அப்டேட் போட்டது ஆறு மணிக்கு. காலைல நான் வந்தப்பவும் மூணும் பச்சையாத்தான் இருந்துச்சு."

"அப்ப பேய் வந்தா கெடுத்துச்சு?"ன்னு எரிஞ்சு விழுந்தேன்.

அவர் கீபோர்டைப் பக்கத்துல இழுத்துக்கிட்டார். "ஜாகா எப்படிக் கேக்குதோ, நாமளும் அப்படியே கேட்டுப் பாப்போம்கா. பிரௌசர் நம்மளை ஏமாத்தும். சர்வர் 'அந்தப் பக்கம் போ'ன்னு சொன்னா அதுவே போய்ப் பாத்துட்டு வந்துரும். ஜாகா போகாது."

கறுப்புத் திரையில ஒரு வரி தட்டினார், முதல் சர்வரோட முகப்பைக் கேட்டு. பதில் 302. ரெண்டாவது, 302. மூணாவதும் அதேதான். எங்க வேலையில 200 வந்தா 'நல்லா இருக்கேன்'னு அர்த்தம். 302ன்னா 'இங்க இல்லை, அங்க போய்ப் பாரு'. ஜாகாவுக்கு 200 மட்டும்தான் கணக்கு. எங்க போய்ப் பாக்கணும்னு கீழயே விலாசம் இருந்துச்சு. என் கோலப் பக்கம்.

அப்பத்தான் நேரத்தைக் கணக்குப் போட்டேன். ஒம்போதரைக்குப் போட்டது. அரை நிமிசத்துல மூணு தடவை கேட்டு, மூணு தடவையும் தப்பான பதில் வாங்கி, ஜாகா கதவைச் சாத்தியிருக்கு. நான் போன்ல பாத்தது அந்த அரை நிமிசத்துக்குள்ள. முகப்பைக் கேளுன்னு ஜாகாவுக்கு நாலு வருசம் முந்தி செட் பண்ணி வச்சதும் நானேதான். மூணு மாசம் முந்தி அமானுல்லா, "ஜாகா கேக்கறதுக்குன்னே தனியா ஒரு பக்கம் வச்சிரலாம்கா"ன்னு சொன்னார். ஓடற லோரியை எதுக்கு நோண்டறீங்கன்னு நான்தான் வாயை அடைச்சேன்.

"கோலத்தைத் தூக்கிடறேன்"னேன்.

"வேணாம்கா, நல்லாத்தானே இருக்கு. ஜாகா கேக்கற எடத்தை மாத்திருவோம். மூணு மாசம் முந்தி நான் சொன்ன பக்கத்தை அப்பவே மூணு சர்வர்லயும் எழுதி வச்சேன். நீங்க வேணாம்னதால ஜாகாகிட்ட சொல்லலை."

மாத்தினார். ரெண்டு பேரும் திரையையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். கொஞ்ச நேரத்துல முதல் சர்வர் பச்சை. அடுத்து மூணாவது. கடைசியா ரெண்டாவதும். போன் சத்தம் ஒவ்வொண்ணா அடங்குச்சு. ஒரு லோரிக்கார அண்ணே மட்டும் திரும்பக் கூப்பிட்டு, "கோலம் யாரு போட்டது, அழகா இருக்கு லா"ன்னார். எனக்கு எங்க போய் மூஞ்சியை வச்சுக்கறதுன்னு தெரியலை.

பாஸ் வந்தார். "ஆ, வந்திருச்சு. என்னவாம்?"

அமானுல்லா திரையை விட்டுக் கண்ணை எடுக்கலை. "ஒரு செட்டிங் மாத்த வேண்டியிருந்துச்சு பாஸ். இனி வராது." அவ்வளவுதான். என் பேரை எடுக்கலை.

உண்மையைச் சொல்றேன், ஒரு நொடி எனக்கு அப்பாடான்னுதான் இருந்துச்சு. தலையாட்டிட்டு உக்காந்திருக்கலாம். ஆனா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்த டிராயர் தெரியுது. அவர் வாங்கி வச்ச ஜன்னல் திரையும் ஞாபகம் வருது.

"பாஸ், அவர் அப்டேட்ல ஒரு குறையும் இல்லை"ன்னேன். "காலைல கோலத்தைத் திருப்பி விட்டது நான். ஜாகாவைத் தப்பா செட் பண்ணதும் நான். கண்டுபிடிச்சது அவர்."

"அப்புறம் ஏன் அவர் பேரைச் சொன்னே?"

"தெரியாமத்தான் சொன்னேன் பாஸ்."

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லணும் மாதவி." ஆபீஸே கேட்டுச்சு. உள்ள போய் டிராயரைத் திறந்து, நின்னபடியே கையெழுத்துப் போட்டு, ஃபாரத்தை என்கிட்ட நீட்டினார். "நீயே கொண்டு போய்க் குடு."

நாலு எட்டுதான். அமானுல்லா மேசையில வச்சேன். "மன்னிச்சிருங்க தம்பி. வாய் முந்திக்கிச்சு."

அவர் கையெழுத்தைப் பாத்தார், தேதியைப் பாத்தார், ஃபைலுக்குள்ள பத்திரமா வச்சார். அப்புறம்தான் என்னை நிமிந்து பாத்தார். கோபமெல்லாம் இல்லை.

"ஜாகாகூட மூணு தடவை கேட்டுட்டுத்தான்கா செத்துப்போச்சுன்னு சொல்லுது. நான் பக்கத்து மேசையிலதான் இருக்கேன். நீங்க ஒரு தடவைகூடக் கேக்கலை."