தேர்வுக்குக் கொண்டுபோன கை

இதை நான் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். தோவா நகத் தொழில் லைசென்ஸ் தேர்வுக்குப் போனது தொண்ணூற்றெட்டிலா அடுத்த வருடத்திலா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அட்லாண்டாவில், ப்யூஃபோர்ட் நெடுஞ்சாலைப் பக்கம் இருந்த தென்கிழக்காசியாவிலிருந்து அகதிகளாக வந்த எங்கள் ஆட்கள் ஆளுக்கொரு விதமாக இதைச் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் ஒருவர்கூட அன்று அந்த அறையில் இல்லை. தோவா சொன்னதுதான் மிகக் குறைவு. ஆகவே அவள் சொன்னதையே நம்பி எழுதுகிறேன்.

தோவா தன் கணவன் வின்னுடைய அக்கா சுவானின், நகம் திருத்திச் சாயம் பூசும் கடையில் ஆறு வருடமாக வேலை செய்துகொண்டிருந்தாள். லைசென்ஸ் கிடையாது. அரசாங்கப் பரிசோதகர் கார் வந்து நின்றால், முகமூடியையும் ஏப்ரனையும் கழற்றிவிட்டுப் பின்னறைக்குப் போய், துவைத்த துண்டுகளை மடிக்கிறவள்போல நிற்க வேண்டும். முப்பத்தாறு வயதிலும் வருடத்துக்கு இரண்டு தடவை அப்படி நின்றாள். மேக்கன் நகரத்தில் ஒரு கடைக்காரி, லைசென்ஸ் மட்டும் இருந்தால் உடனே வா, என் கடையில் ஒரு நாற்காலி தருகிறேன் என்று சொல்லியிருந்தாள். சுவானின் கடையிலிருந்து வெளியேற தோவாவுக்கு இருந்த ஒரே வழி அதுதான். வின்னிடம்கூட அவள் அதைச் சொல்லவில்லை.

அதற்காகத்தான் லோக் நடத்திய அழகுக்கலைப் பள்ளியில் சேர்ந்தாள். லோக் அதற்கு முன் பழைய கார் விற்றவர். விற்கும் பொருளை மாற்றிக்கொண்டாரே தவிர பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. ‘ஆங்கிலமும் தொழிலும் ஒரே கூரையின் கீழ்’ என்று வாசலில் எழுதி வைத்திருந்தார். தொழில் எல்லோருக்கும் முன்பே தெரியும். ஆங்கிலம் என்பது ரோஸ் நிறக் காகிதத்தில் அச்சடித்த நாற்பது வாக்கியங்கள். ‘உங்கள் சருமம் எவ்வளவு மென்மை.’ ‘வார இறுதி நன்றாகப் போனதா?’ ‘இந்த நிறம் உங்களுக்கென்றே செய்தது.’ பாலர் பள்ளியிலிருந்து ஓய்வுபெற்ற மிஸ் டோரத்தி என்ற அம்மாள் கையைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுப்பாள். போரையும் படகையும் அகதி முகாமையும் பார்த்துவிட்டு வந்த இருபது பெண்கள் கோரஸாகத் திருப்பிச் சொல்வார்கள். நன்றாகச் சொன்னவளின் நோட்டுப் புத்தகத்தில் நட்சத்திரம் ஒட்டப்படும். நட்சத்திரம் வாங்கியவள் வெட்கப்படாமல் அதை வீட்டுக்கு எடுத்துப் போனாள் என்பதுதான் தோவாவுக்குப் பொறுக்கவில்லை.

அந்த நாற்பதில் ‘முடியாது’ என்று சொல்ல ஒரு வாக்கியம் இல்லை. ஒருநாள் தோவா எழுந்து, தானே கட்டிய ஆங்கிலத்தில், காலில் புண்ணோடு வருகிற வாடிக்கையாளரிடம் இந்தக் காலைத் தொட மாட்டேன் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டாள். டோரத்தி சிரித்தபடியே லோக்கைப் பார்த்தாள். லோக் எங்கள் மொழியில் சொன்னார்: “அக்கா, காசு குடுக்கிறவங்ககிட்ட அந்தப் பேச்செல்லாம் எதுக்கு? சிரிச்சுக்கிட்டே யெஸ் சொல்லுங்க. புரிஞ்சா யெஸ். புரியலைன்னா இன்னும் கொஞ்சம் சிரிங்க.”

வகுப்பு சிரித்தது. தோவா உட்கார்ந்தாள். அதன்பின் கோரஸைத் தவிர அவள் வாய் திறக்கவில்லை. சோறு வேகும் நேரத்தில் நூலகத்திலிருந்து எடுத்துவந்த இலக்கணப் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்காருவாள். லோக்கை இகழ்ந்தாள், டோரத்தியை இகழ்ந்தாள், நட்சத்திரக்காரிகளை இகழ்ந்தாள். தினமும் காலையில் அவர்களோடு சேர்ந்து வார இறுதியை விசாரித்த தன் குரலை எல்லாவற்றுக்கும் மேலாக இகழ்ந்தாள்.

செய்முறைத் தேர்வுக்கு ஒரு மாடலைக் கூட்டிப் போக வேண்டும். கையை நீட்டிக்கொண்டு உட்கார ஓர் ஆள். அந்த ஆள் நகத் தொழிலில் இருக்கக் கூடாது, அப்படி இல்லை என்று படிவத்தில் எழுதித் தர வேண்டும். சட்டம் எழுதியவர்களுக்கு எங்களைத் தெரியாது. எங்கள் ஜனத்தில் நகம் தொடாத கைக்கு எங்கே போவது? வின் சனிக்கிழமைகளில் அக்கா கடையில் நகம் தேய்க்கும் ஃபைல் பிடிக்கிறவன். பக்கத்து வீட்டுக்காரி, அவள் தங்கை, தங்கையின் மாப்பிள்ளை எல்லோரும் இதே தொழில். விகாரையில் ஒரு பிக்குணி இருந்தாள். அவளிடம் போய் நின்றபோது, துறவு பூணுவதற்கு முன் ஹூஸ்டனில் எட்டு வருடம் அக்ரிலிக் நகம் ஒட்டியதாக அவள் சாந்தமாகச் சொன்னாள்.

வகுப்பில் தோவாவோடு ஓரளவு பேசுகிறவள் கூக் ஒருத்திதான். அவள் தன் மாமனாரைக் கூட்டிப்போவதாக இருந்தாள். எண்பது வயது, கண் மங்கல், கை நடுங்கும்.

“எங்க மாமா கை ஆடுற ஆட்டத்துல நான் வெட்டுறது நகமா விரலான்னு அவங்களுக்கே தெரியாதுடி,” என்றாள் கூக். “உனக்கு வேணும்னா அடுத்த மாசம் வாடகைக்கு விடுறேன்.”

தோவாவுக்கு அடுத்த மாதம் வரை பொறுக்க முடியவில்லை. மேக்கன் கடைக்காரி அதுவரை காத்திருக்க மாட்டாள். அப்போதுதான் சுவான் தானே முன்வந்தாள்.

“நான் வர்றேன். கையை நீட்டிக்கிட்டு உக்காரணும், அவ்வளவுதானே? துணி தைக்கிறவன்னு எழுதிடு. நீ பாஸ் பண்ணிட்டேன்னா இந்தப் பரிசோதகன் தொல்லை எனக்கும் விட்டுது. அப்புறம் நீ முன்னாடி மேஜையிலேயே உக்காரலாம்.”

மேக்கனைப் பற்றித் தோவா ஒன்றும் சொல்லவில்லை. சுவான் அந்த மௌனத்தை நன்றி என்று எடுத்துக்கொண்டாள். படிவத்தில் ‘தையல் வேலை’ என்று தோவாதான் எழுதினாள், அழகான கையெழுத்தில்.

தேர்வு ஒரு திங்கட்கிழமை காலை. பன்னிரண்டு மேஜைகள். ஒலிநாடாவிலிருந்து கட்டளைகள் வரும், தேர்வாளர்கள் பலகையும் பேனாவுமாக நடப்பார்கள். பேசக் கூடாது. கடையில் இருபது நிமிடத்தில் முடிகிற காரியத்தைப் புத்தகம் சொல்கிற வரிசையில், ஒவ்வொரு கருவியையும் துடைத்து, ஒவ்வொரு விரலாக, ஒரு மணி நேரம் செய்ய வேண்டும். இருபது வருடத்தில் சுவான் யாருக்கு முன்னாலும் கையை நீட்டி உட்கார்ந்ததில்லை. இவ்வளவு மெதுவான வேலையையும் அவள் பார்த்ததில்லை.

முதலில் அவள் இடது கை தோவா சொல்லாமலே தண்ணீர்க் கிண்ணத்துக்குள் போய் உட்கார்ந்தது. தோவா அதை எடுத்துத் துண்டில் வைத்தாள். பிறகு தோவாவின் கையிலிருந்து ஃபைல் நழுவி விழுந்தது. விழுந்ததைத் தொடாமல் வேறொன்றை எடுக்க வேண்டும் என்பது விதி. சுவான் சட்டென்று குனிந்து எடுத்து, தொடையில் ஒரு தட்டுத் தட்டி, நீட்டினாள். தோவா வாங்கவில்லை. நகக்கண்ணோரத் தோலைத் தள்ளும் கட்டம் வந்தது. சுவானின் மூச்சு பெரிதாகிக்கொண்டே போனது.

“இப்படித் தடவிக்கிட்டிருந்தா பொழுது சாஞ்சிடும். குடு இங்க,” என்று முணுமுணுத்தாள். மரக்குச்சியைப் பிடுங்கி, மூன்றே இழுப்பில் தன் இடது கையின் மூன்று விரல்களை முடித்துவிட்டாள். பிசிறு இல்லாத வேலை.

வெள்ளைக் கோட்டுப் போட்ட உயரமான பெண் தேர்வாளர் மேஜையருகே வந்து நின்றார். சுவானிடம், என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். சுவான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பலகையைப் பிடித்திருந்த விரல்களைத்தான் பார்த்தாள். இருபது வருடமாக மனிதர்களில் அவள் முதலில் பார்த்து வந்தது அதைத்தான்.

“நீ நகம் கடிக்கிறே,” என்றாள் தன் ஆங்கிலத்தில். “நல்லால்ல. என் கடைக்கு வா. நான் சரி பண்றேன், உனக்குக் கம்மி ரேட்டு.” கைப்பையைத் திறந்து கடையின் அட்டையை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

நீட்டிய பிறகுதான் அவளுக்கு விளங்கியது. அட்டையைத் திரும்ப வாங்கக் கை போனது. தேர்வாளர் அதற்குள் படித்துவிட்டார்.

அவர் தோவா பக்கம் திரும்பினார். அவர் கொடூரமானவர் இல்லை. சொற்களைப் பிரித்துப் பிரித்து, குழந்தையிடம் பேசுவதுபோலக் கேட்டார்: “இவங்க இந்தத் தொழில்ல இருக்கிறது உங்களுக்குத் தெரியுமா? படிவத்துல என்ன எழுதியிருக்குன்னு புரிஞ்சுதா? புரியலைன்னா பரவாயில்லை. மொழி புரியாம நடந்ததுன்னு எழுதிக்கிறேன். நீங்க அடுத்த மாசம் வேற ஆளோட வரலாம்.”

தப்பிக்கக் கதவு திறந்தே இருந்தது. சிரித்தால் போதும். லோக் பாடம் நடத்தியதே இந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் என்று தோன்றும். பக்கத்து மேஜைக்காரிகள் குனிந்தபடி தோவாவின் சிரிப்புக்காகக் காத்திருந்தார்கள். சுவான் மேஜைக்கடியில் அவள் காலை மிதித்தாள்.

தோவா பலகையிலிருந்த படிவத்தையே பார்த்தாள். புரியவில்லை என்றுதான் அந்தப் பெண்மணி எண்ணியிருப்பார். உண்மையில் அவள் வாக்கியத்தை மனத்துக்குள் கட்டி, வினைச்சொல்லின் காலத்தைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள்.

“எனக்குப் புரிந்தது,” என்றாள். “இவர் கடை வைத்திருக்கிறார். ஆறு வருடமாக லைசென்ஸ் இல்லாமல் நான் அங்கே வேலை செய்கிறேன். தையல் வேலை என்று எழுதியவள் நான்.”

தேர்வாளர் எழுதத் தொடங்கினார்.

திரும்பி வரும்போது சுவான் காரை ஓட்டினாள். பாதி வழியில் சுவான் கத்தாமல் கேட்டாள்: “உனக்கு இங்கிலீஷ் தெரியும்னு அவளுக்குக் காட்டத்தானே இத்தனையும்?”

தோவா ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அது பொய் என்று சொல்ல அவளால் முடியவில்லை. நேர்மைக்காகச் சொன்னேன் என்று பிறகு எத்தனையோ முறை தனக்கே சொல்லிப் பார்த்தாள். ஒவ்வொரு முறையும் நோட்டுப் புத்தகத்தில் நட்சத்திரம் கேட்டு நீட்டிய ஒரு கைதான் ஞாபகத்துக்கு வந்தது.

தோவாவுக்கு ஒரு வருடம் தேர்வெழுதத் தடை விதித்தார்கள். சுவானின் கடைக்குப் பரிசோதகர்கள் வந்து அபராதம் போட்டார்கள். அவள் இன்னும் நாலு வருடம் கடை நடத்தி விற்றுவிட்டு, மகனோடு ஃபுளோரிடாவுக்குப் போனாள். தோவாவோடு அதன்பின் பேசவில்லை. லோக் அடுத்த வகுப்புகளில் தோவாவின் கதையைச் சொல்லிச் சிரிப்பு மூட்டினார். பிறகு பள்ளியை மூடிவிட்டு வீட்டுமனை விற்றார். டோரத்தி தன் சகோதரி வீட்டுக்கு டென்னசி போய்விட்டாள். கூக் முதல் தடவையே பாஸ். அலபாமாவில் இரண்டு கடை வைத்திருக்கிறாள். அவள் மாமனார் அந்தக் குளிர்காலத்தில் இறந்தார். மேக்கன் கடைக்காரி அந்த நாற்காலியை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டாள். தோவா கெயின்ஸ்வில்லில் கோழி வெட்டும் ஆலையில் ஒரு வருடம் நின்றாள். அங்கே தன் பக்கத்தில் நின்ற குவாதமாலாக்காரியை மாடலாகக் கூட்டிப்போய் லைசென்ஸ் வாங்கினாள். வின்னும் அவளும் சவன்னாவில் இருக்கிறார்கள். அவள் ஒரு கடையில் மூன்றாவது மேஜையில் வேலை செய்கிறாள்.