கியர்பாக்ஸைத் திறப்பதற்கு முன்

1.

மெக்கானிக் எங்களுக்குக் கொடுத்த அவகாசம் நாற்பத்தாறு மணி நேரம். அதில் நாற்பத்தொன்று போய்விட்டது. அப்பாவிடம் நான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அதற்குப் பயந்துதான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். கதையில் ஒருத்தி சொல்லிவிட்டால் எனக்கும் வாய் வந்துவிடும் என்று ஒரு நப்பாசை.

முதல் தொடக்கம்: "பத்தொன்பது வயதான அந்தக் கார் வலியில் முனகி

[அடித்துவிட்டேன். கார் முனகாது. இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதற்கு மாற்றும்போது பற்கள் உரசிக் 'கர்ர்' என்றது. அவ்வளவுதான்.]

2.

அவளும் அவள் அப்பாவும் பட்டறையில் நின்றார்கள். (அவளுக்கு என்னைவிட நாலு விரற்கடை உயரம் கொடுத்திருக்கிறேன். தைரியம் கொடுக்க விட்டுப்போயிற்று.)

மெக்கானிக் துணியில் கையைத் துடைத்தபடி வந்தார். "ரெண்டு ரவுண்டு ஓட்டிப் பாத்துட்டேன் சார். சத்தமே இல்ல."

"டாக்டரைப் பாத்ததும் காய்ச்சல் ஓடிப்போகும்ல, அந்த மாதிரி. உங்களைப் பாத்துப் பயந்துருச்சு," என்றார் அப்பா.

"பயப்பட நான் என்ன உங்க வீட்டம்மாவா?"

அப்பா பட்டறை அதிரச் சிரித்தார்.

"கியர்பாக்ஸாவும் இருக்கலாம் சார், இல்லாமலும் இருக்கலாம். திறந்தாதான் தெரியும். ஆனா இந்த வண்டிக்கு உள்சாமான் இப்ப வர்றதில்ல. திறந்துட்டா, பழையபடி ஓடவெச்சுக் குடுப்பேன்னு என்னால சொல்ல முடியாது. வியாழக்கிழமை நாலு மணிக்குள்ள முடிவு சொல்லுங்க."

அப்பா அவளைப் பார்த்தார். "என்ன விஞ்ஞானி, என்ன சொல்ற?"

"பாக்கலாம்ப்பா."

[பட்டம் வாங்கியவள் சொன்ன ஒரே கருத்து.]

3.

அவளிடம் ஒரு நோட்டு இருந்தது. எதையாவது சோதிக்கும்போது ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்பது ஆய்வகத்தில் படிந்த பழக்கம். அதே கார், அதே சாலை, அதே காலை நேரம். அப்பா ஓட்டிய பதினான்கு நாளில் பதினொரு நாள் சத்தம். அவள் ஓட்டிய ஒன்பது நாளில் ஒரு நாளும் இல்லை.

அப்பா ஓட்டிய பதினைந்தாவது நாள் அவள் பக்கத்து இருக்கையிலிருந்து சாலையைப் பார்க்காமல் பெடல்களைப் பார்த்தாள். அங்கே

[இதை மூன்று முறை எழுதி மூன்று முறை அழித்தேன். பிறகு சொல்கிறேன்.]

வழக்கமாக அப்பாதான் அம்மாவை வேலைக்குக் கொண்டுபோய் விடுகிறார். அம்மா அந்தப் பயணத்தில்தான் பின்னலை முடிப்பாள். பார்த்ததைச் சொன்னால், சாவி அப்பாவின் கையைவிட்டுப் போகும். சொல்லாவிட்டால், ஒரு தப்பும் செய்யாத காரை அறுத்துப் போடுவார்கள். அப்புறம் அப்பா வேறொரு காரில் அம்மாவை ஏற்றிக்கொண்டு கிளம்புவார்.

4.

முடிவுகள்.

கியர்பாக்ஸைத் திறக்கிறார்கள், ஒரு பல் உடைந்திருக்கிறது, அவள் நோட்டு தப்பு. [ஆசைக்கு எழுதியது. பதினொன்றும் பூஜ்யமும் அப்படியேதான் இருக்கின்றன.]

காரை விற்கிறார்கள். யாரும் எதுவும் பேசுவதில்லை. [எங்கள் வீட்டில் வழக்கமாக நடப்பது இதுதான்.]

வாசகரே, மூன்றாவது முடிவை நீங்களே போய்ச் சொல்லிவிட்டு வர முடியுமா? உங்களை அப்பாவுக்குத் தெரியாது. கோபித்துக்கொள்ள மாட்டார்.

5.

இந்த இடத்தில் அப்பா அறை வாசலில் வந்து நின்றார். கையில் போன்.

"ரெண்டு நாளா அப்படி என்னம்மா எழுதுற? மெக்கானிக்கிட்ட திறக்கச் சொல்லிடவா?"

"வேண்டாம்ப்பா," என்றாள் அவள்.

[இல்லை. அவள் இங்கே இல்லை. நான்தான் சொன்னேன்.]

"ஏன்?"

"கியர்பாக்ஸ் நல்லாத்தான் இருக்கு."

"அப்புறம் ஏன் அந்தச் சத்தம்?"

"நீங்க கிளட்ச்சை முழுசா அழுத்துறதில்லப்பா. போன வாரம் உங்க செருப்பு கழண்டு பெடலுக்கு அடியில கிடந்துச்சு. வீடு வர்ற வரைக்கும் உங்களுக்குத் தெரியல."

நான் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அப்பா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். போனை மடியில் வைத்தார்.

"கியர்பாக்ஸா இருந்துட்டாத் தேவலைன்னு இருந்தேன்."

"ஏம்ப்பா?"

அவர் குனிந்து தன் பாதத்தைப் பார்த்தார். யாரோ வைத்துவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோல.

"இடது கால் மரத்துப்போச்சும்மா. எட்டு மாசமா, தரை எங்க இருக்குன்னே எனக்குத் தெரியல."