கழிப்பறைச் சாவி

விடியுமுன் நூற்றைம்பது தோசைக்கு மாவு கரைத்தாக வேண்டும். எங்கள் கடை இருக்கும் பிரிக்பீல்ட்ஸில் முதல் ரயில் ஓடத் தொடங்கும்போது கல் காய்ந்திருக்கும். அதன் அனல் என் முகத்தில் அடித்து, கழுத்து வழியே இறங்கி, இடுப்பில் வந்து நிற்கும். அதிலிருந்து பிற்பகல் மூன்று மணிவரை நின்ற நிலைதான். ஒரு கால் கடுத்தால் அடுத்த கால். உட்கார ஒரு முக்காலி கிடையாது. கொடுத்திருந்தாலும் என்னால் உட்கார்ந்திருக்க முடியாது.

எனக்கு மூலம். இந்த ஒரு வார்த்தையை வாய்விட்டுச் சொல்ல எனக்கு நாலு மாதம் பிடித்தது.

என் பெயர் அழகிரி. ஊரிலிருந்து கடல் தாண்டி, வேலை பெர்மிட்டில் இந்த நாட்டுக்கு வந்து மூன்று வருடமாகிறது. கடவுச்சீட்டு முதலாளி ராஜனின் அலமாரியில் 'பத்திரமாக' இருக்கிறது. அதைவிடப் பத்திரமாக அவர் வைத்திருந்தது கழிப்பறைச் சாவியை. வேலையாட்களுக்கென்று பின்கட்டில் இருக்கும் ஒரே கழிப்பறைக்குப் பூட்டு. சாவியை ஒரு பழைய தோசைக்கரண்டியில் கட்டிக் கல்லாவில் வைத்திருப்பார். தொலைந்துவிடக் கூடாதாம்! அதைக் கேட்டு வாங்கி, சாப்பிடுகிறவர்கள் நடுவே கரண்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். கூட்ட நேரத்தில் கேட்டால், "இப்பத்தானே போன?" என்பார், எல்லாருக்கும் கேட்கும்படி. மானமுள்ளவன் எத்தனை தடவை கேட்பான்? நான் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டேன். வந்தாலும் அடக்கிக்கொள்வேன்.

முதல் முறை ரத்தத்தைப் பார்த்ததும் புற்றுநோய் என்றே முடிவு கட்டினேன். மறுநாள், சீச்சீ, உடம்புச் சூடுதான், அடுப்பில் வேகிறவனுக்குச் சூடு ஏறாமல் என்ன செய்யும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். சூடு தணிய வேண்டுமென்று குழம்பை விட்டேன், காயை விட்டேன். மூன்று வேளையும் வெறும் மோர்ச்சோறு. வாழையிலை நிறையக் காய் பரிமாறுகிற கடையில் நின்றுகொண்டு, மடத்தனமாக, வெள்ளைச் சோற்றை விழுங்கினேன். மலம் கல்லாக இறுகியது. ரத்தம் கூடியது.

கடைக்கு மேலே எங்கள் அறை. எட்டுப் பேர். எட்டுப் பேர் மூச்சு விடுகிற இடத்தில் ஒருவன் இவ்வளவு தனியாக இருக்க முடியும் என்று எனக்கு அதற்குமுன் தெரியாது. கையோ காலோ முறிந்தால் காட்டலாம். இதை யாரிடம் காட்டுவது? மூன்று மணிக்கு மேல் ஊரிலிருந்து மனைவி போனில் அழைப்பாள். முகம் பார்த்துப் பேசும்போது ஒருநாள் கேட்டாள்:

"ஏங்க, எப்பப் பாத்தாலும் குப்புறப் படுத்துக்கிட்டே பேசுறீங்க?"

இடுப்பு வலி என்றேன். யாரையாவது தைலம் தேய்த்துவிடச் சொல்லுங்கள் என்றாள். சரி என்று போனை வைத்துவிட்டுத் தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதேன். பக்கத்துப் பாயில் நிஜாம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

நிஜாம் என் அடுத்த கல்லில் பரோட்டா மாதிரியான ரொட்டி சானாய் போடுகிறவன். போன சனிக்கிழமை, கூட்டம் நெரிந்த வேளையில், எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. கல்லின் மேலேயே சாய்ந்திருப்பேன். நிஜாம் தோளைப் பிடித்து இழுத்தான். என் பின்பக்கம் பார்த்தான். தன் ஏப்ரனைக் கழற்றி, என் கால்சட்டைக் கறை மறைய, பின்புறமாகச் சுற்றிக் கட்டினான். மூன்று மணியானதும் அடுத்த தெருக் கிளினிக்குக்கு என்னைத் தரதரவென்று இழுத்துப் போனான்.

டாக்டர் நிரஞ்சனி பரிசோதித்துவிட்டு, சாதாரணமாகச் சொன்னார், புற்றுநோய் மாதிரி தெரியவில்லை, மூலம்தான் என்று. ஆசனவாயின் ரத்தக்குழாய்கள் வீங்கியிருக்கின்றன; சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை; முக்குவதும் அடக்குவதும்தான் வினை. ரத்தம் குறைந்துபோனதால் மயக்கம். உள்ளே வைக்க மருந்து தந்தார். வெதுவெதுப்பான நீரில் தினமும் கால் மணி நேரம் உட்காரச் சொன்னார். காய், கீரை, பழம், பருப்பு எதையும் விடக் கூடாது. இரண்டு வாரத்தில் ரத்தம் நிற்காவிட்டால் பெரிய ஆஸ்பத்திரியில் குடலைப் பார்த்தே ஆக வேண்டும், வெட்கப்பட்டு ஒளியக் கூடாது என்றார்.

"தண்ணி எவ்வளவு குடிக்கிறீங்க?"

"எந்திரிச்சதும் ஒரு கிளாஸ். படுக்கும்போது ஒண்ணு."

ஏன் என்றார். கரண்டிக் கதையைச் சொன்னேன். எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"நான் கொடுக்கிற மருந்து பாதிதான் லா. மீதி உங்க கடையில இருக்கு. இந்த மாதிரி அங்க எத்தனை பேர்?"

"நான் மட்டுந்தான் டாக்டர்."

நிஜாம் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "எனக்கும் ரெண்டு வருஷமா இருக்கு."

அடப்பாவி! ஒரு முழம் தள்ளிப் படுத்து, ஒரே நோயை இரண்டு பேரும் இரண்டு மூட்டையாகக் கட்டிச் சுமந்திருக்கிறோம். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மறுநாள் பின்கட்டில் நாங்கள் பேசிக்கொண்டிருந்ததைப் பாத்திரம் கழுவும் மும்தாஜ் அக்கா கேட்டுவிட்டார். சட்டியைத் தேய்க்கும் கை நிற்காமல், அந்தக் கரண்டியைத் தூக்கிக்கொண்டு ஆண்கள் நடுவே நடக்கக் கூசி, பகலில் தான் சொட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை என்றார். சட்டியைக் கவிழ்த்துவிட்டு அடுத்ததை எடுத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை, கடை திறந்த கையோடு, நானும் நிஜாமும் கல்லாவின் முன் போய் நின்றோம். டாக்டர் முதலாளிக்கென்று எழுதித் தந்திருந்த கடிதத்தை வைத்தேன். பூட்டு வேண்டாம், அடுப்படியில் குடிதண்ணீர் வேண்டும், எங்கள் தட்டிலும் காய் வேண்டும், இடையில் பத்து நிமிடம் உட்கார வேண்டும் என்றேன். இல்லையென்றால் லேபர் ஆபீசுக்குப் போவோம் என்றான் நிஜாம்.

முதலாளி கடிதத்தைத் தொடவில்லை. பசியாற வந்தவர்கள் நாலைந்து மேசையில் இருந்தார்கள். அவர்களுக்குக் கேட்கட்டும் என்றே குரலை உயர்த்தினார்.

"யாருக்கு இந்த வியாதி? சொல்லு. சீக்காளிய வெச்சு நான் கடை நடத்த முடியாது. அவன் பெர்மிட்ட கேன்சல் பண்ணி, நாளைக்கே ஊருக்கு அனுப்பிடுறேன்."

வெட்கம் எங்கள் வாயை அடைத்துவிடும் என்று அவருக்குத் தெரியும். இத்தனை நாளும் அதை வைத்துத்தானே ஆண்டார்?

"எனக்குத்தான் முதலாளி. மூலம்," என்றேன்.

"எனக்கும்," என்றான் நிஜாம்.

பின்கட்டு வாசலில் ஈரக் கையோடு மும்தாஜ் அக்கா நின்றிருந்தார். முகம் சிவந்திருந்தது. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, மேசைகளைப் பார்க்காமல், ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "எனக்குந்தான்."

தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த கன்னையா அண்ணன் குவளையைக் கீழே வைத்தார். இந்த மண்ணிலேயே பிறந்தவர். பெர்மிட்டும் இல்லை, பயமும் இல்லை; எங்களோடு அதிகம் பேசியதும் இல்லை.

"அப்ப உனக்குமா கன்னையா?" என்று முதலாளி எகத்தாளமாகக் கேட்டார்.

"எனக்கு அந்த வியாதி இல்ல பாஸ்," என்றார் அவர். மெதுவாக வந்து என் பக்கத்தில் நின்றார். "ஆனா லேபர் ஆபீசுக்கு இவங்களுக்கு வழி தெரியாது. நான் கூட்டிட்டுப் போறேன்."