செல்லக்கிளியின் கை

சத்திரம் பஸ் நிலையத்துக்கு எதிரே காஜா மைதீன் நடத்திய ஸ்டுடியோவில் ரெங்கராஜ் படம் கழுவும் வேலை பார்த்தான். 1959 தை மாதம் அவனுக்கும் செல்லக்கிளிக்கும் கல்யாணம் ஆனது. அவளுக்கு ஊர் மருங்காபுரிக்குப் பக்கம். மாதத்தில் ஒரு ஞாயிறு இருவரும் அவள் தாய் வெள்ளையம்மாளைப் பார்க்கப் போவார்கள். காஜா மைதீன் தன் பழைய பெட்டி கேமராவை இரவல் கொடுப்பார். அதில் ஒரு சுருளுக்கு எட்டுப் படம் எடுக்கலாம்.

சாப்பிட்டதும் மானாவாரிக் காட்டில் நடக்கக் கிளம்பிவிடுவார்கள். ரெங்கராஜுக்கு வெறும் செம்மண்ணாகத் தெரிந்த இடத்தில் அவள் சட்டென்று குனிவாள். பாம்பு உரித்த சட்டை, உள்ளே விதை குலுங்கும் வாகை நெற்று, ஒரு புழு குச்சிகளை அடுக்கிக் கட்டிய விரல் நீளக் கூடு. ஒருமுறை கருவேல முள்ளில் கீச்சான் குருவி குத்தி வைத்திருந்த வெட்டுக்கிளியைக் காட்டினாள். அவள் உள்ளங்கையில் ஏந்திப் பிடிப்பாள், அவன் கேமராவுக்கு முன்னால் ஒரு கண்ணாடி வில்லையைப் பொருத்தி, கிட்டத்தில் வைத்து எடுப்பான்.

அவளை எடுக்க ஒரே ஒருமுறை கேமராவைத் திருப்பினான். முகத்தை மூடிக்கொண்டாள்.

"என்னை எடுக்காதீங்க. ஆயுசு குறைஞ்சிடும்."

கல்யாணத்தன்றும் அதே பயத்தில் பெண் வீட்டில் போட்டோ வேண்டாமென்று சொல்லியிருந்தார்கள். இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று அவனும் விட்டுவிட்டான்.

1962 ஐப்பசியில் அவளுக்குக் காய்ச்சல் கண்டது. டைபாய்டு என்றார்கள். ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்து இறந்துபோனாள். இருபத்திரண்டு வயது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவுக்காரர்கள் கலைந்த பிறகு, வெள்ளையம்மாள் அவனிடம் மகளின் படம் ஒன்று வேண்டும் என்று கேட்டாள். கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தான். ஸ்டுடியோவில் நெகட்டிவ்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். இறகும் நெற்றும் கூடுமாக நூற்றுக்கு மேல் இருந்தன. எதிலும் அவள் முகம் இல்லை. கடைசியில், குருவி முட்டையின் உடைந்த ஓடு ஒன்றை அவள் ஏந்தியிருந்த படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டான். காஜா மைதீன் நல்ல காகிதமாக எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த ஞாயிறு படத்தோடு கேமராவையும் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனான். வெள்ளையம்மாள் படத்தை வாங்கி நெடுநேரம் பார்த்தாள். பெருவிரல் அடியில் இருந்த தழும்பைத் தொட்டாள்.

"இது கஞ்சி கொட்டுனது. எட்டு வயசுல." பிறகு கேட்டாள், "மொகம் இல்லீங்களா மாப்ள?"

"இல்ல அத்தை. எடுக்க விடல."

"நாந்தான் சொல்லி வளத்தேன். அவ அண்ணன் படம் புடிச்ச மாசமே போயிட்டான். இவளாவது இருக்கட்டும்னு சொன்னேன்."

"நானும் அப்புறம் கேக்கவே இல்ல அத்தை," என்றான் ரெங்கராஜ்.

அவனால் அங்கே உட்கார முடியவில்லை. கேமராவை எடுத்துக்கொண்டு காட்டுப் பக்கம் போனான். வழக்கமாக நடக்கும் வரப்புகளில் வெயில் சாயும்வரை நடந்தான். எங்கும் மண்ணும் கல்லும் முள்ளுமாகத்தான் இருந்தது. எந்த இடத்தில் குனிய வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை.

திரும்பி வந்தபோது வெள்ளையம்மாள் முகம் கழுவி, தலை வாரி, வேறு சேலை கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"அவளுக்கு என் சாடைன்னு ஊரே சொல்லும். என்னைப் புடிங்க மாப்ள. அதுல அவளப் பாத்துக்கலாம்."

அவன் அவளை வேப்பமரத்தடியில் உட்காரவைத்து எடுத்தான். கேமரா சொடுக்கியபோது அவள் கண் சிமிட்டவில்லை.

மறுநாள் இருட்டறையில், தட்டின் மருந்துத் தண்ணீருக்குள் முகம் மெல்ல எழுந்து வந்தது. முதலில் புருவம், பிறகு மூக்கு. காத்திருந்தான். படம் முழுதும் தெரிந்தபோது அதில் இருந்தது, மகனையும் மகளையும் பறிகொடுத்த ஒரு தாய். செல்லக்கிளி இல்லை.

அதை எடுத்துக் கொடியில் காயப்போட்டான். வெளியே காஜா மைதீன் அடுத்த ஆளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.