சுவரோரத்துப் பதினேழு பேர்

"சுவர்ல நிக்கிற புள்ளைங்கள எனக்குக் குடுங்க. பதினேழு பேரையும்," என்றேன்.

தலைமையாசிரியர் ஸ்டாம்பர் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். பந்து கேள், பாய் கேள், சுவரைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காதே என்று சமையல்கூடத்து வெர்னா முதல் நாளே எனக்குச் சொல்லியிருந்தாள்.

கென்டக்கி மலையில் எங்கள் ஊர்ப் பள்ளியில் இதுதான் வழக்கம். குறும்பு செய்து மஞ்சள் அட்டை வாங்கிய பிள்ளை இடைவேளை முழுக்கச் செங்கல் சுவரில் ஒரு கையை வைத்தபடி நிற்க வேண்டும். கை எடுத்தால் மறுநாளும் சுவர். ஓடாமல் உட்கார முடியாத பிள்ளையிடமிருந்து ஓட்டத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள். அப்புறம் வகுப்பில் ஏன் நெளிகிறாய் என்று அதட்டுவார்கள். இந்த மேதாவித்தனத்துக்கு ஐம்பது வயது.

"நானும் அங்க நின்னவன்தாம்மா. உங்கப்பன் ராய்ஸ் என் பக்கத்துல நின்னான். கெட்டா போயிட்டோம்?"

"எங்கப்பா எட்டாவதோட நின்னுட்டு நிலக்கரிச் சுரங்கத்துக்குள்ள போனாரு சார். அவர்கிட்டயே கேளுங்க."

எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். சுவருக்குக் காவல் நிற்கவா விளையாட்டு ஆசிரியர் வேலைக்குப் படித்தேன்?

அவர் சிரித்தார். "சரி, ஒரு வாரம். ஒரே ஒரு அடிதடி நடந்தாலும் சுவர்தான். நடக்கலன்னா சுவரே கிடையாது."

ஆட்டம் இதுதான்: விளையாட்டுக் கூடத்தின் தரைதான் ஓடுகிற ஆறு. பதினேழு பேருக்கு ஐந்து பாய். பின்னால் காலியாகும் பாயை முன்னால் கைமாற்றிக்கொண்டே எல்லோரும் அக்கரை சேர வேண்டும். ஒரு கால் தரையில் பட்டாலும் அத்தனை பேரும் முதலிலிருந்து. யாரும் அவுட் ஆக முடியாது.

திங்களன்றே கெட்டுரா ஆரம்பித்தாள். பத்து வயது, பேச்சுக்கு முன் கை நீளும்.

"டேய் யானை, காலைச் சுருக்குடா!"

"நீ வாயைச் சுருக்கு, பல்லி!" என்றான் கோல்ட்டன். வகுப்பிலேயே பெரிய உடம்பு.

முதலிலிருந்து. செவ்வாயும் அதே கதை. புதனன்று கெட்டுராவின் முஷ்டி உயர்ந்தது. பதினாறு பேரும் ஒரே குரலில், "திரும்பச் சுவராடி?" என்றார்கள். முஷ்டி இறங்கியது. நான் புத்திமதி எதுவும் சொல்லவில்லை.

வியாழனன்று அவளே கண்டுபிடித்தாள். "யானை முன்னால போகட்டும். அவன் கையைப் புடிச்சா நம்ம யாரும் விழமாட்டோம்." கோல்ட்டன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! யாரும் அவனை எதற்கும் முன்னால் நிறுத்தியதில்லை.

வெள்ளியன்று ஸ்டாம்பர் வந்து கதவருகே நின்றார். பாதி ஆறு தாண்டியதும் கடைசிப் பாய் பின்தங்கிவிட்டது. அதன்மேல் குட்டி லிண்டி மட்டும், அழுதுகொண்டு.

"விட்டுட்டுப் போலாம், பெல் அடிக்கப்போகுது," என்றான் ஒருவன்.

"பதினேழுன்னா பதினேழுதான்!" கோல்ட்டன் பாய்களைத் தாண்டித் தாண்டிப் பின்னால் வந்து குப்புறப் படுத்தான். அவன் கால்மேல் நான்கு பேர் உட்கார்ந்தார்கள். அவன் கெட்டுராவின் கணுக்கால்களைப் பிடித்துக்கொள்ள, அவள் இடைவெளிக்கு மேலாக உடம்பை நீட்டி, லிண்டியின் பாய்மேல் கைகளை ஊன்றினாள்.

"அழாதடி. தரையைப் பாக்காத, என் மூக்கைப் பாரு. அசிங்கமாத்தான் இருக்கும், பரவால்ல."

லிண்டி சிரித்துவிட்டாள். கெட்டுரா பாயைப் பற்றிக்கொள்ள, கோல்ட்டன் அவளைப் பாயோடு சேர்த்து இழுத்தான். பத்து நிமிடத்தில் பதினேழு பேரும் அக்கரை. அவர்கள் போட்ட கூச்சலில் கூரைத் தகரம் அதிர்ந்தது. நான் அழவில்லை என்று சொன்னால் பொய்.

கெட்டுரா நேராக ஸ்டாம்பரிடம் போனாள். "சார், திங்கக்கிழமை சுவர் இல்லதானே?"

பதினேழு முகங்கள். அவர் காது சிவந்தது. "இல்ல."

மாலையில் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். அடுத்த வருட வேலைக்கான ஒப்பந்தம்.

"ரெண்டு மாசத்துல பசங்க மறந்துருவாங்க. பழையபடி ஆரம்பிச்சுக்கலாம். நீ வாயைத் திறக்காம கையெழுத்து போடு."

பள்ளி விதிகளை முடிவுசெய்யும் பெற்றோர் குழு அப்போது நூலகத்தில் கூடியிருந்தது. சுவரை ஒழிக்கும் தீர்மானத்தை அன்று காலையிலேயே, ஆட்டத்துக்கு முன்னாலேயே, என் பெயரில் எழுதி அவர்களிடம் கொடுத்திருந்தேன்.

"கூட்டத்துக்கு நேரமாச்சு சார். நீங்களும் வாங்க," என்று சொல்லிவிட்டு, தாளைத் தொடாமல் வெளியே நடந்தேன்.